நான் இருந்ததாக நினைத்த பத்தியம்

"டீச்சர், என்ன பத்தியம் இருந்தீங்க?"

மயூர் விஹாரில் என்னைப் பார்க்கிற தமிழர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். காய்கறி வண்டிக்குப் பக்கத்தில் கேட்கிறார்கள், கோயில் வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்கிறார்கள், போன் போட்டும் கேட்கிறார்கள். என்ன மருந்து ஏற்றினார்கள், எப்படி வலித்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. நம் ஆட்களுக்கு மருந்து பாதி, பத்தியம் பாதி. பத்தியம் சொல்லாத வைத்தியரை வைத்தியர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டோம். நானும் அப்படித்தான் இருந்தேன். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனதால் எழுதி வைக்கிறேன். நான் இருந்த பத்தியம் என்ன என்பது என் தங்கை வசந்தாவுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது. அந்த வயிற்றெரிச்சலைத்தான் எழுதப்போகிறேன்.

என் பெயர் சரஸ்வதி. லக்ஷ்மிபாய் நகரில் தமிழ்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டுக்காரர் சண்முகம் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். இருவருக்கும் திருநெல்வேலிப் பக்கம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வசந்தா என்னைவிட ரொம்பச் சின்னவள்; நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கல்யாணமாகி கோல் மார்க்கெட்டில் அரசுக் குடியிருப்பில் இருக்கிறாள். டெல்லியில் எனக்கு ரத்த உறவு என்று சொல்ல அவள் ஒருத்திதான்.

எங்கள் பிளாட் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. நோய் கண்ட வருஷம் மழைக்காலத்தில் இரண்டாவது மாடியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறினேன். கழிப்பறையில் ரத்தம் போனது. மூலம் என்று நானே முடிவு செய்து, கருணைக்கிழங்கு மசியலும் பிரண்டைத் துவையலுமாகச் சாப்பிட்டுத் தள்ளினேன். டாக்டரிடம் போகவில்லை, மூலத்துக்கு யார் டாக்டரிடம் போவார்கள், வெட்கக்கேடு! தீபாவளி லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று கரும்பலகைக்கு முன்னால் சாக்பீஸோடு சரிந்து விழுந்தேன். உடம்பில் ரத்தமே இல்லை என்றார்கள்.

தெற்கு டெல்லியில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். அங்கே முதலில் செய்தது கொலனோஸ்கோப்பி. கேமரா வைத்த மெல்லிய குழாயைப் பின்வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது. அதைவிடக் கொடுமை, முந்தின நாள் குடலைக் கழுவக் குடிக்கத் தரும் உப்புக் கரைசல். அன்றைய பொழுது முழுக்கக் கழிப்பறைதான் வீடு. குடலில் ஏதோ தெரிந்தது, ஒரு துணுக்குச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்த அன்று கம்பவுண்டர் கதவைத் திறந்து, "பேஷண்ட் பாஹர் பைட்டியே, அட்டெண்டெண்ட் அந்தர் ஆயியே" என்றான். நோயாளி வெளியே இருக்கட்டும், கூட வந்தவர் உள்ளே வரட்டும். வழக்கமாம். யாருடைய குடல், யார் உள்ளே போவது! வீட்டுக்காரரும் வசந்தாவும் உள்ளே போனார்கள். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு விரலை உதட்டில் வைத்துச் சத்தம் போடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அவர்கள் வெளியே வந்தபோது வசந்தாவின் மூக்கு சிவந்திருந்தது.

"டாக்டர் என்னங்க சொன்னாரு?"

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கிடலாம்" என்றார் வீட்டுக்காரர்.

வீட்டில் வந்து சொன்னது: குடலில் ஒரு சின்னக் கட்டி, சாதாரணக் கட்டி, எடுத்துவிட்டால் சரியாகப் போகும். எடுத்தார்கள். பெருங்குடலில் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மீதியை ஒட்டினார்கள். வயிற்றில் தையலோடு, இருமக்கூடப் பயந்து படுத்திருந்தேன். இருமல் வந்தால் வசந்தா ஓடி வந்து தலையணையை என் வயிற்றில் அணைத்துப் பிடித்துக்கொள்வாள். பார்மசியிலும் பில் கவுண்டரிலும் நின்று நின்று வீட்டுக்காரருக்குக் கால் வீங்கிவிட்டது. ஆபீசிலிருந்து பணம் திரும்பி வரும், ஆனால் முதலில் நாம்தான் போட வேண்டும். என் வளையல்கள் எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதையெல்லாம் இன்றைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன்.

தையல் பிரித்த பிறகு, கட்டி மறுபடி வராமல் இருக்கக் கொஞ்ச நாள் ஊசி போட வேண்டும், தடுப்பு ஊசி மாதிரி என்றார்கள். அழைத்துக்கொண்டு போய் ஒரு ஹாலில் உட்கார வைத்தார்கள். என் தலைக்கு நேர் மேலே, ஆள் நீளத்துக்கு, இந்தியிலும் ஆங்கிலத்திலும் புற்றுநோய்ப் பிரிவு என்று போர்டு. அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டு வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"யாருக்குங்க காது குத்துதீக?" என்றேன். ஹாலே திரும்பிப் பார்த்தது. "முப்பது வருசமாப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துறவ. எனக்கு அந்தப் போர்டு படிக்கத் தெரியாதுன்னு நெனச்சிட்டீகளோ?"

அவர் பேப்பரை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். வசந்தா என் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இனிமே ஒண்ணையும் மறைக்க மாட்டோம்க்கா. உன் மேல சத்தியமாச் சொல்லுதேன்" என்றாள். நான் நம்பினேன். அவளை நம்பாமல் யாரை நம்புவது?

ஊசியை ஆரம்பிக்கும் முன் பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அப்போது டெல்லியில் அது புதிது. கொஞ்சம் கதிர்வீச்சு கலந்த சர்க்கரையை நரம்பில் ஏற்றி, இருட்டறையில் கம்பளி போர்த்தி, பேசாதே ஆடாதே என்று படுக்க வைத்துவிடுகிறார்கள். புற்றுச் செல்களுக்குச் சர்க்கரை வெறி. மற்ற செல்களைவிட அதிகமாக அள்ளித் தின்னும். தின்ற இடம் படத்தில் பளிச்சென்று எரியும். என் படத்தில் ஈரலில் ஒரு புள்ளி எரிந்தது. குடலில் வெட்டி எடுத்தது போக, ஒன்று கிளம்பிப்போய் ஈரலில் குடியேறியிருந்தது.

இந்த முறை நான் அடம்பிடித்து உள்ளே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் மெஹ்ரா இளவயது, வேகமாகப் பேசுவார், இந்தியும் ஆங்கிலமும் கலந்து. அவர் பேசியதைத் தமிழில்தான் எழுதுகிறேன். மருந்தைக் கொடுத்துப் புள்ளியைச் சுருக்கப் பார்க்கலாம் என்றார். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "பத்தியம் என்ன டாக்டர்?"

"பத்தியமெல்லாம் ஒன்றுமில்லை மேடம். சாதம், சப்பாத்தி, மிட்டாய், எல்லாம் சாப்பிடுங்க. ஜோ மன் கரே, காயியே!"

மனசுக்குப் பிடித்ததைச் சாப்பிடுங்கள் என்கிறார். எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பார்த்து டாக்டர் ஆசைப்பட்டதைச் சாப்பிடு என்றால், அன்று சாயங்காலமே உறவுக்காரர்களுக்குத் தந்தி போகும். என் மாமனாரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதும் இதையேதான் சொன்னார்கள். என்னைக் கைகழுவிவிட்டார்கள் என்று முடிவுக்கு வந்தேன். சர்க்கரையைத் தின்று எரிகிற புள்ளியைக் கண்ணால் காட்டிவிட்டு, மிட்டாய் சாப்பிடு என்றால் வேறென்ன அர்த்தம்?

சரி, அவர்கள் கைவிட்டால் நான் விடுவேனா? வீட்டுக்கு வந்ததும் அறிவித்தேன்: "அரிசி கிடையாது, சர்க்கரை கிடையாது, கோதுமை, கிழங்கு, பழம் ஒண்ணும் கிடையாது. கீரைச் சாறு, பாகற்காய், பீர்க்கங்காய், உப்புப் போட்ட மோர். அவ்வளவுதான். அந்தச் சனியனைப் பட்டினி போட்டே கொல்லுதேன்."

வீட்டுக்காரர் குதித்தார். "டாக்டர் ஒண்ணு சொல்லுதாரு, நீ ஒண்ணு சொல்லுதே! உடம்பு தாங்குமா?" வசந்தா மட்டும் என் பக்கம் நின்றாள். "அத்தான், அக்கா சொல்லுததுல நியாயம் இருக்கு. நான் வந்து சமைச்சுப் போடுதேன்" என்றாள். பிள்ளைகளையும் புருஷனையும் கோல் மார்க்கெட்டில் தாங்களே பொங்கிச் சாப்பிடச் சொல்லிவிட்டு, தன் ஆபீசில் நீண்ட லீவு போட்டு, பெட்டியோடு வந்து இறங்கினாள். முதல் மருந்து ஏற்றிய பிறகு வீட்டுக்காரரும் சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். என் வாதம் அவருக்குப் புரிந்துவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மருந்து ஏற்றும் நாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாய்வு நாற்காலியில் படுக்க வைத்துக் கை நரம்பில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அது ஒன்றும் வலிக்காது. பிறகுதான் வேடிக்கை. எனக்குக் கொடுத்த மருந்துக்கு ஒரு குணம்: குளிர்ந்த எதைத் தொட்டாலும் கரண்ட் அடிக்கும். டெல்லியில் ஜனவரி மாதம்! குழாயைத் திறந்தால் ஷாக், கதவுத் தாழ்ப்பாளில் ஷாக், எவர்சில்வர் டம்ளரில் ஷாக். வெளிக்காற்றை வாய் திறந்து இழுத்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். வசந்தா பழைய ஸ்வெட்டரை வெட்டிக் குழாய்க்கும் தாழ்ப்பாளுக்கும் உறை தைத்தாள். என் டம்ளருக்கும் ஒன்று. கொட்டாவி விட்டால்கூட என் வாயைத் தன் சால்வையால் மூடுவாள்.

இன்னொன்று, நாக்கு போய்விட்டது. எதை வைத்தாலும் பழைய சாவியை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி ஒரே இரும்பு ருசி. உப்பா, உறைப்பா, ஒன்றும் தெரியாது. அவள் கொடுக்கும் முருங்கைக்கீரைச் சாற்றை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பேன். நாளாக ஆகச் சாறு கெட்டியாகிக்கொண்டே வந்தது. கேட்டால், "கீரை நல்லா வெந்திருக்குக்கா" என்பாள். கணக்கு டீச்சருக்குச் சமையலில் என்ன தெரியும்?

மாசி பிறப்பதற்குள் ஆஸ்பத்திரியில் எனக்கு நல்ல பெயர். கூட மருந்து ஏற்றுகிறவர்கள் எல்லாம் துரும்பாக இளைத்துக்கொண்டிருக்க, எனக்கு எடை குறையவில்லை. எடை மெஷினிலிருந்து இறங்கும்போது வீட்டுக்காரரைப் பார்த்து, "பாத்தீகளா என் பத்தியத்தை?" என்பேன். அவர் ஜன்னலைப் பார்ப்பார்.

அடுத்த நாற்காலியில் கம்லேஷ் என்று மீரட் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார். என் வயசு, என் நோய். மகனோடு பஸ்ஸில் வந்து போவார். என்னை அக்கா என்பதுபோல் பெஹன்ஜி என்பார். "பெஹன்ஜி, உங்க முகம் மட்டும் இப்படித் தெளிவா இருக்கே, என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். வகுப்பில் நடத்துவதுபோல் விளக்கமாகச் சொன்னேன். பெட் ஸ்கேன், சர்க்கரை, எரிகிற புள்ளி, எல்லாம் என் பள்ளிக்கூட இந்தியில். வசந்தா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள், தனக்காம். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த முறை கம்லேஷ், "ரொட்டியை விட்டுட்டேன் பெஹன்ஜி" என்று சிரித்தார். அதற்கடுத்த முறை அவர் நாற்காலி காலி. உடம்பில் தெம்பில்லை, மருந்து ஏற்ற முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று நர்ஸ் சொன்னாள். அப்போதும் வசந்தா பேசவில்லை.

அந்தச் சமயத்தில் எனக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள், அதாவது கிருமிகளோடு சண்டை போடுபவை, குறைந்து போனதால் மருந்தை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். மருந்து தள்ளிப்போனதில் நாக்கு திரும்பி வந்துவிட்டது. மத்தியானம் பால்கனி வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வசந்தா கீரைச் சாறு கொண்டு வந்தாள். முதல் வாயில் மிளகு உறைத்தது. ஆகா, மிளகு! சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டாவது வாயில் உப்பு. மூன்றாவது வாயில், உப்புக்கும் கீரைக்கும் அடியில், இனிப்பு.

நான் விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். எழுந்து சமையலறைக்குப் போனேன். அவள் பின்னாலேயே "எக்கா, எக்கா" என்று வந்தாள். மிக்ஸியில் குழைய வேகவைத்த சாதம், அரைபட்டது பாதி, அரைபடாதது பாதி. மேல் ஷெல்ஃபில், எங்கள் வீட்டில் மார்கழி போனால் யாரும் தொடாத கோலமாவு டப்பா. திறந்தேன். உள்ளே குளுக்கோஸ் பொடி.

"எத்தனை நாளா?"

"முத மருந்து ஏத்துனதுல இருந்து." அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். "டாக்டர் அத்தானையும் என்னையும் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாருக்கா. எடை இறங்கினா மருந்தை நிறுத்திருவோம், அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாதுன்னாரு. எப்படியாவது சாப்பிட வைங்கன்னாரு. நான் என்ன செய்ய?"

"என் மேல சத்தியம் பண்ணினியே, ஏட்டி."

"ஆமா. பண்ணினேன்."

"கம்லேஷுக்காவது சொல்லியிருக்கலாம்லா? அந்த அம்மா பட்டினி கெடந்து சாகுது!"

"அவகிட்ட சொன்னா உனக்குத் தெரிஞ்சிரும்லா." பிறகு தலையை நிமிர்த்தி, கொஞ்சமும் கூசாமல் சொன்னாள்: "எனக்கு நீதான்க்கா முக்கியம்."

டம்ளரைத் தூக்கி எறிந்தேன். உறை போட்ட டம்ளர், சத்தம்கூட வரவில்லை. என்னை வெட்டியது பெரிதில்லை, விஷத்தை ஏற்றியது பெரிதில்லை. நான் ஒன்றைப் பட்டினி போட்டுக் கொன்றுகொண்டிருப்பதாக நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க, என் தங்கை அதற்கு வேளாவேளைக்கு ஊட்டி வளர்த்திருக்கிறாள். அப்படித்தான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது. படுக்கையில் விழுந்து வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டேன். அங்கேதான் ஈரல் என்று படத்தில் பார்த்திருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். கூட்டுக் களவாணிகள் இருவரும் சமையலறையில் குசுகுசுவென்று பேசிவிட்டு வந்தார்கள்.

"சொன்னா நீ கேட்டிருப்பியா, சரசு?" என்றார் அவர்.

"சொல்லிப் பாத்தீகளா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பால் வாங்கக் கிளம்பிவிட்டார்.

மறுபடி மருந்துக்குப் போன அன்று, கம்பவுண்டர் "அட்டெண்டெண்ட்" என்று கூப்பிட்டதும் நான் எழுந்து, இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். டாக்டர் மெஹ்ரா திகைத்துப் போனார். "சர்க்கரை கொடுத்து அதை வளர்த்திருக்கிறீர்களா இல்லையா?" என்று கேட்டேன்.

"மேடம், இதையெல்லாம் நான் உங்க ஹஸ்பெண்டிடம் விளக்கமாகச் சொல்லிவிட்டேனே!"

"கட்டி அவருக்கா இருக்கு?"

அவர் முகம் சிவந்துவிட்டது. நல்ல பையன்தான். வெளியே கூட்டம் காத்திருந்தும் நாற்காலியை இழுத்து எதிரில் போட்டுக்கொண்டு சொன்னார். அவர் சொன்னதை எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் குழாய்த் தண்ணீரை வைத்துச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

நம் உடம்பில் ரத்தக் குழாய்கள் ஒழுங்காகப் போட்ட பைப் லைன். எல்லா வீட்டுக்கும் கிடைக்கும். கட்டிக்குள் இருப்பது திருட்டு லைன். கோணல் மாணலாக, ஒழுகிக்கொண்டு, பாதியில் அடைத்துக்கொண்டு. குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் செல்களுக்குச் சர்க்கரையும் பிராண வாயுவும் கொட்டோ கொட்டென்று கொட்டும். தள்ளி நடுவில் இருப்பவற்றுக்கு எங்கள் மூன்றாம் மாடி மாதிரி, காற்றுதான் வரும். ஆக, கட்டிக்குள் ஏற்கெனவே பட்டினி இருக்கிறது. நான் புதிதாகப் போட வேண்டியதில்லை.

"அப்ப அது செத்துப்போக வேண்டியதுதானே?" என்றேன்.

"சிலது சாகும். சாகாமல் பிழைக்கிறது பாருங்கள், அதுதான் மோசம்" என்றார். தண்ணீர் வரவில்லை என்று மேல்மாடிக்காரன் பிளாட்டைக் காலி செய்துவிட்டா போகிறான்? மோட்டார் வைத்து உறிஞ்சுகிறான். அதுபோல, பட்டினி கிடக்கும் செல் புதுக் குழாய் கொண்டுவா என்று சைகை அனுப்பும். சர்க்கரை இல்லாவிட்டால் வேறு எது கிடைக்கிறதோ அதைத் தின்னப் பழகிக்கொள்ளும். சிலது வேலையெல்லாம் நிறுத்திவிட்டுத் தூங்கும். மருந்து, வேகமாகப் பெருகும் செல்லைத்தான் அடிக்கும். தூங்குகிறவன் மேல் அடி விழாது. மருந்து போகிற வழியும் அதே ரத்தக் குழாய்தானே, சாப்பாடு எட்டாத இடத்துக்கு மருந்தும் சரியாக எட்டாது. இன்னும் சில, பிழைப்புத் தேடி இடத்தைவிட்டே கிளம்பிவிடும். என் ஈரலுக்கு வந்தது எது, எப்படி என்று தனக்குத் தெரியாது, ஆனால் பசித்த செல் சாது இல்லை என்றார்.

"நான் சாப்பிடாவிட்டால்?"

"உங்கள் ரத்தத்தில் சர்க்கரை அப்படியொன்றும் குறைந்துவிடாது. ஈரல் உங்கள் சதையைக் கரைத்துச் சர்க்கரை செய்து அனுப்பும். கட்டி தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பட்டினி கிடப்பது நீங்கள் மட்டும்தான்."

"இதை முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தால் நான் சாப்பிட்டிருப்பேனே, டாக்டர். மனசுக்குப் பிடித்ததைச் சாப்பிடுங்கள் என்று ஒரு வரி சொன்னீர்கள். எங்கள் ஊரில் அது சாகப்போகிறவனுக்குச் சொல்வது."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பேஷண்டிடம் பயமுறுத்துகிற மாதிரி ஒன்றும் பேச வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள் என்றார். "ஸாரி மேடம்" என்றார். அந்த ஒரு வார்த்தையை எனக்குச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

வெளியே வந்தேன். என் ஆத்திரம் குறைந்தது என்றா நினைக்கிறீர்கள்? கூடியது. எனக்குள்ளே இருக்கும் கட்டி எப்படிப் பிழைக்கிறது என்று வெளியே உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கும் எப்போதோ தெரியும். அந்தப் பாடம் எனக்கு மட்டும் நடத்தப்படவில்லை. அவள் சர்க்கரை கலந்ததை நான் மன்னித்துவிடுவேன். எனக்கு மண்டையில் ஏறாது என்று முடிவு கட்டினார்களே, அதை எப்படி மன்னிக்க?

அதற்குப் பிறகு சாப்பிட்டேன். தெரிந்தே சாப்பிட்டேன். ஆனால் வசந்தா கலந்து கொடுத்ததை வாங்கவில்லை. தட்டில் தனித்தனியாக வை, எது என்ன என்று சொல், நான் பிசைந்துகொள்கிறேன் என்றேன். அவள் ஒவ்வொன்றின் பேரையும் சொல்லி வைத்தாள். தண்ணீர் சுட வைப்பதும் குழாய்க்கு உறை மாற்றுவதும் அப்படியே நடந்தது. ஒரே வீட்டில், ஒரே அறையில் படுத்துக்கொண்டு, அதற்குமேல் பேச்சு மட்டும் இல்லை.

கம்லேஷ் திரும்பி வந்தார். கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தெரிய, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததை நடந்தபடி சொன்னேன். என் தங்கை எனக்குத் தெரியாமல் கலந்து கொடுத்திருக்கிறாள், அதனால்தான் நான் தெளிவாக இருந்தேன், ரொட்டி சாப்பிடுங்கள் பெஹன்ஜி, மிட்டாய் சாப்பிடுங்கள் என்றேன். கோபப்படுவார், வசந்தாவை நாலு கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அவளை நிமிர்ந்து பார்த்து, "எனக்கு இப்படி ஒரு தங்கச்சியைக் கடவுள் கொடுக்கலியே" என்றார். பட்டினி கிடந்தவரே அவள் கட்சி! நான் நாற்காலியில் சாய்ந்தேன். வசந்தா எழுந்து வெளியே போனவள், நான் மருந்து ஏற்றி முடிக்கும் வரை உள்ளே வரவில்லை.

ஹோலி முடிந்து வெயில் ஏற ஆரம்பித்த சமயம் மறுபடி பெட் ஸ்கேன். அதே ஊசி, அதே இருட்டறை, அதே கம்பளி. ஏற்றிய சர்க்கரை எங்கே போகிறதோ என்று கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். ரிசல்ட் வாங்கப் போன அன்று கம்பவுண்டர் என்னைப் பார்த்ததும் "மேடம், ஆப் ஆயியே" என்று என்னையே கூப்பிட்டான். அந்த அளவுக்கு என் பேர் கெட்டிருந்தது. இருவரும் வெளியே, அந்தக் குழந்தைப் படத்துக்கு எதிரில் உட்கார்ந்தார்கள்.

டாக்டர் மெஹ்ரா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஈரல் இருட்டாக இருந்தது. புள்ளி எரியவில்லை.

"செத்துவிட்டதா, தூங்குகிறதா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "நல்ல கேள்வி. எனக்குத் தெரியாது. இந்தப் படத்துக்கும் தெரியாது. மருந்தை முடிப்போம். பிறகு அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருப்போம். இன்றைக்கு இது நல்ல செய்தி."

கதவைத் திறந்தேன். இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள். வசந்தாவின் கை சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் கேட்டார்: "டாக்டர் என்ன சொன்னாரு?"

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கிடலாம்" என்றேன்.

நான் திட்டம் போட்டு வரவில்லை. வாயில் வந்துவிட்டது. வந்தபிறகு திருப்பி எடுத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. ஆட்டோவில் நடுவில் நான், இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். அவர் இரண்டு முறை "சரசு" என்றார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆட்டோ சிக்னல் சிக்னலாக நின்று நின்று போனது. எனக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும், பக்கத்தில் இருக்கிற இரண்டு பேருக்கும் தெரியாது. இப்படித்தான் இருந்திருக்கிறது இவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன். ரொம்பக் கனமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நிஜாமுதீன் பாலத்தில் ஏறும்போது வசந்தா உடைந்துவிட்டாள். சத்தமில்லாமல், உடம்பு மட்டும் குலுங்க அழுதாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். யமுனையைத் தாண்டும் வரைகூட எனக்குத் தாங்கவில்லை. சொன்னேன். புள்ளி எரியவில்லை, தூங்குகிறதா செத்ததா தெரியாது, இன்னும் பார்க்க வேண்டும் என்று, டாக்டர் சொன்னதில் ஒரு சொல் விடாமல் சொன்னேன். வீட்டுக்காரர் வெளிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வசந்தா என் தோளில் குத்தினாள், மறுபடியும் குத்தினாள்.

"அரை மணி நேரமா எனக்கு உசிரே இல்லக்கா! என்னன்னு தெரியாம எப்படித் துடிச்சுப் போயிட்டேன். கூடப் பொறந்தவளுக்கு இப்படியா செய்வே?"

"உனக்கு அரை மணி நேரம், ஏட்டி" என்றேன். "எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்க."